முசேவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு

அஞ்சலாட்சி மீன் கூடையோடு வந்தால் வாசலில் நின்றுதான் குரல் கொடுப்பாள். அன்று குரல் கொடுக்கவில்லை. நேராக உள்ளே வந்து, புஷ்பமேரி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைமேல், சாம்பார்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், பிய்ந்துபோன நார்ப்பந்து மாதிரி எதையோ வைத்தாள்.

“இன்னாது இது?” என்றாள் புஷ்பமேரி.

“தேன்சிட்டுக் கூடு. ரெண்டு குஞ்சு இருந்திச்சு உள்ள. நேத்து வரைக்கும்.”

அந்தக் கூடு அஞ்சலாட்சி வீட்டு வாசலில், பல்பு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. சூடு பட்டுவிடுமோ என்று மூன்று வாரமாக அவள் அந்தப் பல்பையே போடவில்லை. இருட்டில் படி தடுக்கி அவள் புருஷன் ஒருமுறை விழுந்துகூட விட்டான். எழுந்து விளக்கைப் போடப் போனவனை, “கை வெச்சே, அவ்ளோதான்” என்று மிரட்டி அப்படியே படுக்க வைத்தவள் அவள்.

“யாரு பண்ணது?”

“உங்க வீட்டு முசேதான். ஜன்னல் கம்பியில ஏறி ஒரே தாவு. என் கண்ணால பாத்தேன்.”

குளியலறையிலிருந்து முகமெல்லாம் சவர நுரையோடு லூயிஸ் எட்டிப் பார்த்தார். அவர் புஷ்பமேரியின் கணவர். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். “அஞ்சலாட்சி, சும்மா பழி போடாத. முசே பால் பிஸ்கட் சாப்பிடுற பூனை.”

அந்த நேரம் பார்த்துப் பால் பிஸ்கட் சாப்பிடுகிற பூனை மதில்மேலிருந்து குதித்து உள்ளே வந்தது. செம்பட்டை நிறம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு முகம், கழுத்தில் டை கட்டியது போல வெள்ளைப் பட்டை. அந்த டைக்காகத்தான் குட்டியாக இருந்தபோதே லூயிஸ் அதற்கு முசே என்று பெயர் வைத்தார். பழைய புதுச்சேரிக்காரர்கள் கோட்டு சூட்டு போட்ட துரையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முசே நடுவீட்டில் உட்கார்ந்து முன்காலை நக்கியது. மீசையில் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு பொடி இறகு ஒட்டியிருந்தது.

மூன்று பேரும் அந்த இறகைப் பார்த்தார்கள்.

“காத்துல பறந்து வந்து ஒட்டியிருக்கும்,” என்றார் லூயிஸ்.

“ஆமா சார், புயலடிச்சிதுல்ல,” என்றாள் அஞ்சலாட்சி. பிறகு புஷ்பமேரியின் பக்கம் திரும்பினாள். “தாய்க்குருவி அந்த ஒயரைச் சுத்திச் சுத்திக் கத்துது நர்ஸம்மா. பெத்துப் பாத்தவளுக்குத்தான் அந்தக் கத்தல் புரியும்.”

புஷ்பமேரியின் கை இட்லியில் நின்றது. லூயிஸ் சத்தமில்லாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டில் பிள்ளை இல்லை. வாயிலிருந்து என்ன விழுந்தது என்பதை அஞ்சலாட்சியும் உணர்ந்தாள். ஆனால் அவள் பின்வாங்கிப் பழகியவள் இல்லை. இன்னும் இரண்டடி முன்னால்தான் போவாள்.

“இல்ல, நான் ஒண்ணு கேக்குறேன். மூணாவது பொறந்த கையோட என்னைப் புடிச்சுக் கொண்டுபோயி ஆபரேஷன் பண்ண வெச்சீங்க. குப்பம் பூரா வீடு வீடா ஏறி எறங்கி ‘ரெண்டு போதும், ரெண்டு போதும்’னீங்க. உங்க வீட்டு ஆம்பளைக்கு மட்டும் கணக்கே இல்லியா? தெருவுல இறங்கி எண்ணிப் பாருங்க.” வாசலுக்குப் போனவள் திரும்பி, “பூனையச் சொன்னேன்,” என்று விளக்கிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. புஷ்பமேரி அரசாங்க சுகாதார நிலையத்து நர்ஸ். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பக்கத்துத் தெருக்களும் வைத்திக்குப்பமும் அவள் பொறுப்பு. குப்பத்தில் அவள் கைபடாமல் பிறந்தவர்கள் குறைவு. அவள் பேச்சைக் கேட்டுப் பிறக்காமல் போனவர்கள் அதைவிட அதிகம். கர்ப்பத்தடை பற்றி எந்த ஆணிடமும் வெட்கப்படாமல் பேசுவாள். குப்பத்து ஆண்கள்தான் அவளைத் தூரத்தில் பார்த்ததும் படகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஓட்டின்மேல், படகின் நிழலில், மீன் பெட்டிகளுக்கு நடுவில் என்று பார்த்துப் பார்த்துக் குறித்தாள். தெருவும் மணல்வெளியும் சேர்த்து இருபத்தாறு பூனைகள். அவற்றில் பதினொன்றில் முழுசாகவோ திட்டுத்திட்டாகவோ செம்பட்டை இருந்தது. ஐந்து பெண் பூனைகளுக்கு வயிறு இறங்கியிருந்தது. நர்ஸ் கண்ணுக்கு அது ஒளியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டம் கூடியது. கூட்டியவர் நாகராஜ். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர்; எந்தக் கட்சி ஜெயித்தாலும் அந்தக் கட்சியில் இருப்பவர். ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கு இருந்தது. ஒருவர் வீட்டில் காயவைத்த கருவாட்டின்மேல் பூனை மூத்திரம் போயிருந்தது. இன்னொருவர் மகளின் பள்ளிக்கூடப் பையில் குட்டி போட்டிருந்தது. ராத்திரி ஓட்டின்மேல் நடக்கும் சண்டையைக் கேட்டால் யாரோ குழந்தையை நசுக்குவது மாதிரி இருக்கிறது என்றார் மூன்றாமவர்.

“ஒரே வழி,” என்றார் நாகராஜ். “சாக்குல போட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் கொண்டுபோயி வுட்டுடணும். அங்க மீனுக்குப் பஞ்சமில்ல. அதுங்களும் நல்லா இருக்கும், நாமளும் நல்லா இருப்போம்.”

“அங்க இருக்குற மனுஷங்க?” என்று கேட்டாள் புஷ்பமேரி.

“அது வேற வார்டு, நர்ஸம்மா.”

மறுநாள் காலையில் நாகராஜ் நான்கு பூனைகளைப் பிடித்துச் சாக்கில் கட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் சாக்கின் வாய் அவிழ்ந்தது. வெளியே வந்த முதல் பூனைக்கு ஏறிக்கொள்ள அருகில் கிடைத்த ஒரே மரம் நாகராஜ். வண்டி ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாகக் கிடந்தார்.

கதிர்காமத்து ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனது புஷ்பமேரிதான். தொடையில் மூன்று கடி. பிறாண்டலை யாரும் எண்ணவில்லை. வெறிநாய்க் கடிக்குப் போடுகிற அதே ஊசியைத் தேதி வைத்துத் தவணை தவணையாகப் போட வேண்டும் என்றார்கள். நாகராஜால் உட்கார முடியவில்லை. வரிசையில் நின்றுகொண்டே முனகினார்.

“இன்னும் நாலு விரக்கடை மேல கடிச்சிருந்தா, நான் இத்தினி வருஷமா உங்களைக் கெஞ்சின ஆபரேஷனை அதுவே முடிச்சிருக்கும்,” என்றாள் புஷ்பமேரி. முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நாகராஜ் சிரிக்கவில்லை.

அந்த நான்கில் மூன்று பூனைகள் அவருக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டன. நான்காவது வரவில்லை. அதன் இடத்துக்கு இரண்டு வாரத்தில் எங்கிருந்தோ புதிதாக இரண்டு வந்தன.

இதற்குள் புஷ்பமேரி கால்நடை மருத்துவர் தீபலட்சுமியைப் போய்ப் பார்த்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. இரண்டு கையிலும் பழைய பிறாண்டல் தழும்பு. புஷ்பமேரி பதிவேட்டைத் திறந்து காட்டியதும் அவள் கண் விரிந்தது. “மேடம், இவ்ளோ சுத்தமா யாரும் எனக்கு லிஸ்ட் கொண்டாந்ததில்ல. எத்தனை வார கர்ப்பம்னுகூட எழுதியிருக்கீங்க!”

“என் வேலை அது. வழி சொல்லும்மா.”

“தூக்கிக்கிட்டுப் போயி எங்கயாவது வுட்டா அந்த எடத்துக்கு வேற வரும். சாப்பாடு இருக்குதில்ல? அதனால, இருக்குறதையே பிடிச்சு, ஆபரேஷன் பண்ணி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதே எடத்துல வுடணும். ஒண்ணு ரெண்டு பண்ணிட்டு நிறுத்தக்கூடாது, முக்காவாசியாவது முடிக்கணும். காதுல ஒரு ஓரமா சின்னதா வெட்டி வுடுவேன், அதைப் பாத்தா ஆனது எது, ஆகாதது எதுன்னு தெரியும். மீன் கழிவைக் கண்ட எடத்துல கொட்டக்கூடாது. சோறு வெக்கிறவங்க ஒரே நேரத்துல வெச்சி, தட்டைத் திரும்ப எடுத்துடணும்.”

“ஆபரேஷன் பண்ணா குருவி பிடிக்கிறது நிக்குமா?”

“நிக்காது. வயிறு முட்டத் தின்னாலும் பிடிக்கும், பசிக்காகப் பிடிக்கிறதில்ல. வீட்டுப் பூனையை வீட்டுக்குள்ளதான் வெச்சிக்கணும். பால்கனிக்கு வலை அடிச்சி வுடுங்க, அது பாட்டுக்கு வேடிக்கை பாக்கும்.” தீபலட்சுமி பதிவேட்டின் முதல் வரியில் விரல் வைத்தாள். முசே, ஆண், எட்டு வயசு. “முதல்ல உங்க வீட்லேருந்து ஆரம்பிங்க மேடம். தெரு அப்பத்தான் நம்பும்.”

புஷ்பமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வாக்கியத்தை எத்தனை பஞ்சாயத்துத் தலைவர்களிடம் அவள் சொல்லியிருப்பாள்!

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் லூயிஸ் சோற்றில் கை வைத்தபடியே அப்படியே இருந்தார். “ழமே!” என்றார் பிறகு. கோபம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சு வரும். “ஒருநாளும் நடக்காது மேரி. ஒரு ஆம்பளையப் போயி…”

“ஆம்பளை இல்லங்க. பூனை.”

“அவன் ஒரு சிங்கம் மாதிரி திரியுறான். அவனைப் போயி…” இடது கை தன்னையறியாமல் வேட்டி முடிச்சை இறுக்கியது.

மறுநாள் அவர் பங்குச் சாமியாரிடம் போனார். கருத்தடையைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதை அறிக்கையாகவே எழுதி வாங்கி மனைவி முகத்துக்கு நேரே நீட்டுவதுதான் திட்டம். சாமியார் முழுக்கக் கேட்டார்.

“லூயிஸ், அந்தப் பூனைக்கு ஞானஸ்நானம் ஆச்சா?”

“இல்ல சாமி.”

“எந்தக் கோயில்ல தாலி கட்டிச்சு?”

“அது… தாலியெல்லாம்…”

“எத்தனை பேரோட குடித்தனம்?”

லூயிஸ் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கையை மடக்கிக்கொண்டார்.

“அப்ப திருச்சபை பேசணும்னா வேற விஷயத்தைத்தான் மொதல்ல பேசணும். வீட்டுக்குப் போங்க.”

லூயிஸ் வீட்டுக்குப் போனார். மறுநாள் விடிந்தபோது முசே வீட்டில் இல்லை.

“எங்க போச்சுன்னே தெரியல மேரி,” என்று லூயிஸ் கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் தேடுகிற தேடல் அது. சர்க்கரை டப்பாவுக்குள்கூடத் திறந்து பார்த்தார். புஷ்பமேரி பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பத்து நாள் கழித்து அஞ்சலாட்சி வந்தாள். குருவிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்த நாளுக்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது துப்பறிந்த செய்தி அவளை இழுத்துவந்திருந்தது. “நர்ஸம்மா, வீட்ல பூனை இல்ல. ஆனா லூயிஸ் சார் தினமும் எங்கிட்ட பொடி மத்தி வாங்குறாரு. பொட்டலம் கட்டிக்கிட்டு நெல்லித்தோப்பு பஸ் ஏறுறாரு. மத்தி உங்க சட்டிக்கு வருதா?”

“வரலியே.”

“அப்ப நெல்லித்தோப்புல ஒரு குடும்பம் இருக்குது.”

அன்று மதியமே அந்தக் குடும்பம் தானாகவே போன் செய்தது. நெல்லித்தோப்பில் இருப்பது லூர்துபிரகாஷ். லூயிசோடு தினமும் சாயங்காலம் பெத்தாங்க் ஆடுகிறவர். மண்தரையில் இரும்புக் குண்டை வீசி ஆடும் பிரெஞ்சுக்கார ஆட்டம் அது. போனில் பேசியது அவர் மனைவி ஃபாத்திமா.

“மேரி, ரெண்டு வருஷமா என் கையில வேர்க்கடலை வாங்கித் தின்ன அணில். கூப்பிட்டா ஜன்னலுக்கு வரும். உங்க வீட்டு முசே இன்னிக்கு அதைக் கவ்விக்கிட்டு வந்து என் பூஜை மாடத்துல, மாதா சுரூபத்துக்கு முன்னால வெச்சிருக்குது. காணிக்கை மாதிரி! வந்து எடுத்துக்கிட்டுப் போயிடு. இல்லன்னா உன் வீட்டுக்காரரையும் சேத்து ஒரே சாக்குல கட்டி அனுப்புவேன்.”

புஷ்பமேரி தீபலட்சுமியிடம் கூண்டு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனாள். நெல்லித்தோப்பு வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், லூயிஸ் மத்திப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே முசே தின்றுகொண்டிருந்தது. மனைவியைப் பார்த்ததும் லூயிஸ் எழவில்லை. புஷ்பமேரி கூண்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“தெருவுல போனா சொல்லுவாங்க,” என்றார் லூயிஸ், பூனையைப் பார்த்தபடி. “‘லூயிஸ் சார், உங்க பேரப்புள்ளைங்க எங்க வூட்டு மாடியில இருக்குது, வந்து பாருங்க’ன்னு. கிண்டலுக்குத்தான் சொல்றாங்க. எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்குறதுக்கு…”

அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். மூன்றாம் வருஷம் இருவரும் பரிசோதனை செய்துகொண்டார்கள். முடிவுக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவள் புஷ்பமேரிதான். குறை லூயிசிடம் இருந்தது. அதை அவரிடம் மட்டும் சொன்னாள். மாமியார் கேட்டபோது, “எனக்குத்தான் அத்தை, கர்ப்பப்பையில கொஞ்சம்…” என்றாள். மாமியார் ஊருக்குச் சொன்னார். அதற்குப் பிறகு குப்பத்தில் எந்த வீட்டில் ஏறிக் கர்ப்பத்தடை பற்றிப் பேசினாலும், அவள் படியிறங்கியதும் உள்ளே என்ன பேசினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சிலர் அவள் படியிறங்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை.

“பேரப்புள்ளைங்களை நீங்க போயிப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“எங்க…”

“போன ஐப்பசி மழையில மீன் பெட்டிக்குள்ள அஞ்சு செத்துக் கெடந்துச்சு. கண்ணுகூடத் திறக்கல. நான்தான் எடுத்துப் பொதச்சேன். பங்குனியில ஒண்ணு வண்டியில அடிபட்டுச்சு, அதையும் நான்தான் எடுத்தேன். அன்னிக்கு நீங்க பெத்தாங்க் ஆடப் போயிருந்தீங்க. தாத்தாவா இருந்தா வந்திருக்கணுங்க.”

கீழே ஃபாத்திமா பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வலிக்குமா?” என்று கேட்டார் கடைசியில்.

“மயக்க ஊசி போட்டுத்தான் செய்வாங்க. பத்து நிமிஷம்.”

லூயிஸ் மிச்சமிருந்த மத்தியைக் கூண்டுக்குள் போட்டார். அது போதவில்லை. முசே கூண்டைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டது. அதை உள்ளே தள்ளி முடிப்பதற்குள் அவர் கையில் நாலு கோடு விழுந்திருந்தது. அவருக்கும் தடுப்பூசி வாங்க வேண்டியதாயிற்று. நாகராஜுக்கு அப்போது கடைசித் தவணை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து கதிர்காமத்தில் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அறுவைக்குக் குறித்த நாளில் அஞ்சலாட்சியும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கையில் மீன் கூடை. கூடையின்மேல் வலைத்துண்டு கட்டியிருந்தது. உள்ளே மூன்று நிறம் கலந்த ஒரு பெண் பூனை அவளைத் திட்டிக்கொண்டிருந்தது. “இவ முசேவோட பொண்ணு. அப்பனுக்குத் துணையா இருக்கட்டும்,” என்றாள்.

காத்திருக்கும் இடத்தில் பெரிய நாயோடு ஒரு ஆளும், அட்டைப் பெட்டியில் முயலோடு ஒரு கல்லூரிப் பெண்ணும் இருந்தார்கள். முசேவை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். லூயிஸ் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். திடீரென்று அஞ்சலாட்சியின் முன்னால் போய் நின்றார்.

“அஞ்சலாட்சி, அன்னிக்குக் கூட்டைக் கொண்டாந்தப்ப மேரிகிட்ட ஒண்ணு சொன்னியே. பெத்துப் பாத்தவளுக்குத்தான் புரியும்னு.”

“சார், அது வாய் தவறி…”

“குறை மேரிகிட்ட இல்ல. என்கிட்டதான். இருபத்தி நாலு வருஷமா எனக்காக அவ வாங்கிக்கிட்டா. நானும் வாங்கிக்கட்டும்னு வுட்டுட்டேன்.” குரலை அடக்கிப் பேச அவருக்குத் தெரியாது; விளையாட்டு மைதானத்துக் குரல். நாய்க்காரர் நாயின் காதைப் பார்த்தார். முயல் பெண் முயலைப் பார்த்தாள்.

அஞ்சலாட்சிக்குப் பேச்சு வராமல் போனது அன்றுதான் முதல் தடவை. புஷ்பமேரியைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி மெல்ல நகர்ந்து அவளோடு ஒட்டி உட்கார்ந்து, மீன் வாசனை அடிக்கிற கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் லூயிசை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

“வுடுங்க சார். உள்ள படுத்திருக்கிறவரு நெலமை உங்களைவிட மோசம்.”

புஷ்பமேரி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டும் சிரித்தாள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது, மறுபடி எப்போது சிரிப்பானது என்று பக்கத்தில் இருந்த அஞ்சலாட்சிக்கே தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த தீபலட்சுமி, “முடிஞ்சிது சார், நல்லா இருக்கான்,” என்றுவிட்டு, அங்கே என்ன நடந்தது என்று புரியாமல் நாய்க்காரரிடம் கண்ணால் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார்.

முசே முதல் ஒரு வாரம் வீட்டைத் தலைகீழாக்கியது. கதவருகே நின்று வக்கீல் மாதிரி வாதாடியது. லூயிஸ் பால்கனி முழுவதற்கும் கம்பிவலை அடித்தார். ஒரு குச்சியில் நூல் கட்டி, நுனியில் துணி உருண்டையைத் தொங்கவிட்டு, காலையில் அரை மணி, மாலையில் அரை மணி அதை ஓடவிட்டார். வேட்டைக்காரனுக்கு வேலை கொடுக்க வேண்டுமாம். இரண்டாம் மாதத்தில் அது எடை போட்டு, வலைக்குப் பின்னாலிருந்து தெருவைக் கண்காணித்துக்கொண்டு படுத்திருந்தது. அதன்முன் போய் நின்று வேண்டுமென்றே வாலை ஆட்டிய ஒரே அணிலை லூயிஸ்தான் விரட்டினார். பூனைக்கு அவமானமாக இருக்குமாம்.

தெருவேலையில் எல்லாம் அவ்வளவு சுலபமாகப் போய்விடவில்லை. கூண்டில் முதல் நாள் விழுந்தது ஒரு பெருச்சாளி. இரண்டாம் நாள் நாகராஜ் வீட்டுக் கோழி. அவர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் கோழியை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாளிலிருந்து அஞ்சலாட்சி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். எந்தப் பூனைக்கு எந்த மீன் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். நெத்திலிக்கு வருவது எது, சுறாத்துண்டுக்கு மட்டும் மயங்குவது எது என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு வழிக்குக் கொண்டுவந்தாள். மீன் வெட்டுகிற பெண்கள் எல்லாரும் குடலையும் செதிலையும் மூடிபோட்ட ஒரே பீப்பாயில்தான் போட வேண்டும் என்று சட்டம் போட்டாள். மீறியவர்களின் வாசலில் போய் நின்று அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நான்கு மாதத்தில் இருபத்தாறில் பத்தொன்பது முடிந்தது. புதிதாக வந்த இரண்டையும் சேர்த்தால் இருபத்தொன்று. வயிற்றோடு இருந்த ஐந்தில் இரண்டு, அதற்குள் குட்டி போட்டுவிட்டன. ஒன்றின் குட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகுக்கு அடியில் கருப்புப் பூனை போட்ட நாலு குட்டிகள் பிழைத்தன. பால் மறக்கும் வரை பொறுத்து, தாயைக் கொண்டுபோய் ஆபரேஷன் முடித்து, குட்டிகளுக்கு வீடு தேடும் வேலையை லூயிஸ் ஏற்றுக்கொண்டார்.

இந்த விஷயத்தில் அவர் புதிதாக மதம் மாறியவர் மாதிரி நடந்துகொண்டார். பெத்தாங்க் மைதானத்தில் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு கருத்தடையின் நன்மைகளை விளக்கியதில், லூர்துபிரகாஷ் ஆட்டத்தையே வேறு மைதானத்துக்கு மாற்றலாமா என்று யோசித்தார். கோயில் வாசலில் லூயிஸ் ஒட்டிய அறிவிப்பு இப்படி இருந்தது: “கருப்பு நிறம், நல்ல சுபாவம், நாலு குட்டிகள். வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும், ஐந்தாம் மாதம் ஆபரேஷன் செய்யவும் சம்மதிக்கும் குடும்பத்தினர் மட்டும் நேரில் வரவும். வெளியே அவிழ்த்துவிட நினைப்பவர்கள் வர வேண்டாம்.”

மூன்று குட்டிகள் போய்விட்டன. நான்காவதைக் கேட்டு ஜெயசித்ரா என்று ஒரு பெண் வந்தாள். வங்கியில் வேலை, புதிதாகக் கல்யாணம் ஆனவள், கூடவே புருஷன். லூயிஸ் இருவரையும் உட்காரவைத்து, மாடியா தரைத்தளமா, ஜன்னலுக்கு வலை உண்டா, ஊருக்குப் போனால் பூனையை யார் பார்ப்பார்கள், மாமியார் என்ன நினைக்கிறார் என்று முக்கால் மணி நேரம் விசாரித்தார்.

“சார், நீங்க பூனை தர்றீங்களா, பொண்ணு தர்றீங்களா?” என்று கேட்டாள் ஜெயசித்ரா பொறுக்க மாட்டாமல்.

“பொண்ணுன்னா இவ்ளோ கேட்டிருக்க மாட்டேம்மா. பொண்ணு திரும்பி வந்து சொல்லும்,” என்றார் லூயிஸ்.

புஷ்பமேரி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்து, “எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, இவரு இப்படித்தான்,” என்று குட்டியை அவள் மடியில் வைத்தாள். அது வங்கிப் பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்துத் தோளில் ஏறிக்கொண்டது. அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

அவர்கள் போன பிறகு அஞ்சலாட்சி வந்தாள், மூச்சிரைக்க.

“சோலை நகர்லேருந்து ஆளு அனுப்பியிருக்காங்க நர்ஸம்மா. அங்க முப்பது இருக்குதாம். கூண்டு கேக்குறாங்க.”

“கூண்டு குடுத்தா போதுமா? நாமளும் போவணும்,” என்றாள் புஷ்பமேரி. பதிவேட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி மேலே ‘சோலை நகர்’ என்று எழுதினாள்.

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டார் லூயிஸ். அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு சார். இப்பவே எங்க கிளம்புறீங்க?”